ஒரு குழி, இரண்டு தொட்டி

குழி வெட்டியாயிற்று.
தபால்பெட்டிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே
முழங்கை ஆழம்.
ஒரு செடிக்குத்தான் இடம்.

ஃபெர்ன்ட்ரீ கல்லியில் ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை,
தூறலுக்கு நனைந்த செடிக்கடை.
இடக்கையில் டாஃப்னி, வலக்கையில் பொரோனியா,
தராசுபோல் நிற்கிறாள் சுகிர்தா.
முப்பத்தெட்டு டாலர். பதினேழு டாலர்.
“மணந்து பாத்துச் சொல்லுங்கோ” என்றவள்
சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பதினான்கு மாதமாய் என் மூக்கு
மூச்சு விடுவதற்கு மட்டும்.
காய்ச்சல் போயிற்று,
போகிற போக்கில் வாசனைகளையும் கூட்டிக்கொண்டு.
பால் பொங்கிக் கருக, அடுப்படியிலேயே உட்கார்ந்து
வரிக்கணக்குப் பார்த்தவன் நான்.
எப்போதாவது, பழுதான வானொலியில்போல்
ஒரு துண்டு வரும்:
நனைந்த தார்ச்சாலை,
உரித்த தோடம்பழம்,
ரயிலில் யாருடையதோ மேற்சட்டை.
என்னவென்று திரும்புவதற்குள் நின்றுவிடும்.

நாற்றம் என்ற சொல்லுக்கும்
முன்பு நல்ல காலம் இருந்தது.
அதற்கு என்ன காய்ச்சல் வந்ததோ.

ஆகவே கண்ணால் ஒப்பிட்டேன்.
டாஃப்னிக்கு மெழுகு துடைத்த இலை,
கொத்துக் கொத்தாய் வெளியே இளஞ்சிவப்பு, உள்ளே வெள்ளை;
அச்சகத்திலிருந்து அப்போதுதான் வந்த
கல்யாண அழைப்பிதழின் திருத்தம்.
பொரோனியாவோ துடைப்பத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை.
தோடளவு கிண்ணங்கள், அவையும் தலைகவிழ்ந்து,
உலர்ந்த ரத்தத்தின் பழுப்பு.
ஒன்றை நிமிர்த்திப் பார்த்தேன்:
கரிபிடித்த சட்டிக்குள் பருப்பு மஞ்சள்.

அந்தப் பெயரில் எங்களுக்கு முந்திய ரயில் நிலையம்.
பதினோரு வருடமாய்க் கடக்கிறேன்,
பெயர்ப்பலகையில் அன்றி
அங்கே நான் பொரோனியாவைக் கண்டதில்லை.

“இரண்டும் சொல்லாமல் சாகும்” என்றாள்
கடைக்காரி க்ளெனிஸ்.
“டாஃப்னியின் வேரைத் தொட்டால் கோபம்,
கால் நனைந்தால் அழுகல்,
இலை, பட்டை, பழம் எல்லாம் நஞ்சு. நாய் உண்டா?
மற்றது மேற்கிலிருந்து வந்தது.
வேர் ஒரு வெயிலுக்குக் காய்ந்தால் போதும்” என்று
விரலைச் சொடுக்கினாள்.
கையுறைக்குள் சத்தம் வரவில்லை.

சுகிர்தா டாஃப்னியின் கட்சி.
“தேசிக்காயும் கராம்பும். கேற்றைத் திறக்கேக்கையே
முகத்தில அடிக்கும். ஒளிவுமறைவில்லை.”
பிறகு நியாயத்துக்காக மற்றதையும் முகர்ந்தாள்.
“அட” என்றாள்.
மறுபடி குனிந்தாள். நெற்றி சுருங்கிற்று.
“போட்டுது. இப்பத்தானே இருந்தது!”
மூக்குக்கண்ணாடி தொலைத்தவள்போல்
தொட்டியைத் திருப்பித் திருப்பித் தேடினாள்.

க்ளெனிஸ் சிரித்தாள்:
“செடியில் கோளாறில்லை.
அந்த மணம் கொஞ்ச நேரத்துக்கு மூக்கை அணைத்துவிடும்.
பொறுத்தால் திரும்பி வரும்.
எல்லாருக்கும் அப்படித்தான்.”

எல்லாருக்கும்.

பதினேழு டாலரை நான்தான் எண்ணி வைத்தேன்.
சுகிர்தா ஒன்றும் சொல்லவில்லை,
டாஃப்னியைப் பலகையில் திரும்ப வைக்கும்போது
அதன் ஒரு இலையைத் துடைத்துவிட்டாள்.

மாலை. நட்டு, மண் அணைத்து,
காற்சட்டை முழங்காலில் சேறோடு
செடிக்கு இருபுறமும் குந்தியிருந்தோம்.
அஞ்சல் போட வந்த பக்கத்து வீட்டுக்காரர்
எதையோ தொலைத்துவிட்டோம் என்று நினைத்து
கைப்பேசி விளக்கை அடித்து உதவினார்.

“இப்ப?”
“இல்லை. உனக்கு?”
“இல்லை. பொறுங்கோ.”

“செத்துப்போனால் வாற வருசம் டாஃப்னி” என்றாள்.
“குழி எங்கையும் போகாது.”

“இப்ப?”